வரிசையில் ஒரு பச்சைக் குடம்

மதினியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த ஒருவர், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "அடக்கம்னா அப்பிடி ஒரு அடக்கம். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து ஒரு சொல்லு எதிர்த்துப் பேசியிருப்பாகளா? இந்தக் காலத்துல ஏது அப்பிடிப் பொம்பள?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நாள்கூட இல்ல" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். கையிலிருந்த பாயசக் கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் காரிய வீடு சண்டை வீடாகியிருக்கும். அடக்கமாம்! யாரைச் சொல்கிறீர்கள், எங்கள் மதினியையா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதினியை 'அவர்' என்றும் அண்ணனை 'அவன்' என்றும்தான் எழுதப் போகிறேன். அண்ணன் எனக்கு மூத்தவன்தான். அருப்புக்கோட்டை பஜாரில் இரும்புக் கடை முதலாளிதான். நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற ஆள்தான். இருந்துவிட்டுப் போகட்டும். மதினி கழுத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டவள் நான், நாத்தனார். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மதினி எல்லாவற்றுக்கும் 'சரி' என்பார். அது உண்மை. அம்மா, "கொழம்புக்குப் புளியக் கூட விடு" என்றால் "சரி அத்தை" என்பார். விட மாட்டார். அம்மாவும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பாத்தியா, நான் சொன்ன மாதிரி விட்டதுக்கு எம்புட்டு ருசி" என்பாள். மதினி காலேஜில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கப்புகள் ஒன்பது இருந்தன. சீர்ச் சாமான்களோடு அவையும் வந்து கூடத்து அலமாரியில் நின்றன. அண்ணன் ஒரு நாள், "இதென்ன, வாரவுக போறவுக சிரிக்கிறதுக்கா? எடுத்து உள்ள வையி" என்றான். "சரிங்க" என்றார். மறுநாள் பார்த்தால் ஒன்பது கப்பும் அடுப்படியில் இருந்தன. ஒன்றில் கடுகு, ஒன்றில் சீரகம், ஒன்றில் கல் உப்பு. அண்ணன் உப்புக் கேட்டால் மதினி அந்தக் கப்பையே இரண்டு கையாலும் தூக்கி வந்து அவன் முன்னால் வைப்பார். அவன் சொன்னபடி உள்ளேதானே இருக்கிறது?

எனக்கோ ரத்தம் கொதிக்கும். நான் அடுத்த தெருவில்தான் வாக்கப்பட்டிருந்தேன். நினைத்தால் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவேன். "வாயத் தொறந்து ரெண்டு வார்த்த கேளுங்க மதினி" என்று நான்தான் குதிப்பேன். அவர் சிரிப்பார். "கோவம் வந்தா நீ கத்துற. நான் ஓடுறேன். ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யுது தாயி. எனக்குத் தொண்ட கட்டுறதில்ல, அம்புட்டுதான்" என்பார்.

ஓடுகிறேன் என்று சொன்னது பேச்சுக்கு இல்லை. நிஜமாகவே ஓடினார். எங்கள் ஊரில், எண்பதுகளின் கடைசியில், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஒரு பெண் ரோட்டில் ஓடினார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஊருக்கே தெரியாமல் எப்படி ஓடினார் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து ஏமாற்றிய வருசம் அது. எங்கள் பக்கத்துக் கிணற்றில் ஊறுவது பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர். குளிக்கலாம், துவைக்கலாம், பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்குத் திருச்சுழி ரோடு பிரிகிற இடத்தில் ஒரே ஒரு அடிபம்பு. விடியற்காலை நாலு மணிக்கே அங்கே குடங்கள் வரிசை கட்டிவிடும். ஆட்கள் இல்லை, குடங்கள். குடத்தை வரிசையில் போட்டுவிட்டால் போதும், ஆள் நிற்கிற மாதிரிதான். போட்டவள் வீட்டுக்குப் போய் வாசல் தெளிக்கலாம், பிள்ளைக்குப் பால் காய்ச்சலாம், ஒதுங்கப் போகலாம். வரிசை நகரும்போது பக்கத்துக் குடத்துக்காரி உன் குடத்தையும் காலால் தள்ளிவிடுவாள். ஒருத்தி குடத்தை ஒருத்தி பின்னுக்குத் தள்ளினால் அன்றைக்கு மயிரைப் பிடித்துக்கொள்வார்கள். குடத்துக்கு இருந்த மரியாதை பொம்பளைக்கு எந்த வீட்டில் இருந்தது சொல்லுங்கள்.

மதினியிடம் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் இருந்தது. கழுத்தில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மூன்று புள்ளி வைத்திருந்தார், அடையாளத்துக்கு. நாலு மணிக்கு அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். மதினியின் மகள் எங்கள் அம்மாவோடு வீட்டில் படுத்திருப்பாள். குடத்துக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் பையை எடுப்பார். அதற்குள் வெள்ளை கேன்வாஸ் ஷூ. குடிக்கிற தண்ணீர்க் குடத்துக்குள் செருப்பு! அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் குடத்தோடு சேர்த்து மருமகளையும் வீதியில் போட்டு உடைத்திருப்பாள். நான் குடத்தை அலசி வரிசையில் வைப்பேன். மதினி கால் விரலில் மெட்டியைச் சுற்றிப் பழந்துணியைக் கட்டி, சேலையை நாற்று நடுகிற பெண்கள் மாதிரி ஏற்றிச் செருகி, வரிசையை ஒரு தடவை கண்ணால் அளப்பார்.

"அறுவது குடம் இருக்குமா தாயி?"

"இருக்கும் மதினி."

"அப்ப ஆறாங்கல்லு வரைக்கும் போயிட்டு வாரேன்."

கணக்கு அவ்வளவுதான். திருச்சுழி ரோட்டுக் கிலோமீட்டர் கற்கள்தான் அவருக்கு மைதானம். அறுபது குடத்துக்கு ஆறாம் கல், எண்பது குடத்துக்கு எட்டாம் கல். குடம் பம்புக்கு வருகிற நேரத்துக்கு ஆள் வந்து நிற்பார், வேர்வையில் நனைந்த ரவிக்கையோடு. பஞ்சம் முற்ற முற்ற, பம்பில் தண்ணீர் நூலாக ஒழுக ஒழுக, வரிசை நீண்டது. வரிசை நீள நீள மதினியும் நீள ஓடினார். ஊரே வானத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்த நாட்களில் என்னோடு நின்ற ஒருத்தர் மட்டும் உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மதுரையில் ஓட்டம் நடக்கப் போகிற செய்தி அண்ணன் கடையிலிருந்துதான் வந்தது. அம்மா முறத்துக்கு அடிக்க ஆணி கேட்டாள். கடையிலிருந்து ஆணியை மடித்து வந்த பேப்பரில் அந்த அறிவிப்பு இருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பெண்களும் ஓடலாம். மதினி அந்தத் துண்டை ஒன்பதாவது கப்புக்குள், பெருங்காயத்துக்கு அடியில் வைத்திருந்தார். என் வீட்டு முகவரி போட்டு ஒரு கார்டில் பெயர் கொடுத்தோம். "ஒரு தடவ தாயி. முழுசா ஒரு தடவ ஓடிப் பாத்துட்டேன்னா போதும்" என்றார். அவர் தனக்கென்று ஒன்று வேண்டும் எனச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒரு நாள் எனக்குத் திருச்சுழி தாலுகா ஆபீசில் வேலை. முதல் பஸ்ஸில் போனேன். வெளுக்கிற நேரம். பஸ்ஸின் முன்விளக்கு வெளிச்சத்தில் மதினி ஓடிக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் வெறும் கரிசல், கருவேல மரம், நடுவில் அவர் ஒருத்தர். நெஞ்சு நிமிர்ந்து, கை இரண்டும் ஒரே தாளத்தில். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் முன்சீட்டு ஆள் டிரைவரிடம் சொன்னான்: "புருசங்கிட்ட அடி வாங்கிட்டு ஓடுதுபோல." டிரைவர், "எந்த ஊருப் பிள்ளையோ பாவம்" என்றார். எங்கள் சீமையில் ஒரு பெண் ஓடினால் காரணம் மூன்றுதான். அடி விழுந்திருக்க வேண்டும், இல்லை வீடு பற்றியிருக்க வேண்டும், இல்லை பஸ் கிளம்பியிருக்க வேண்டும். "அது எங்க மதினிடா, எருமமாடே" என்று கத்த நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அடக்கின வாயை அடுத்த வாரம் அடக்க முடியவில்லை. அதுதான் நான் செய்த பாவம்.

மிளகாய் மண்டிக்காரர் வீட்டு அக்கா ஒருவர் உண்டு. அவர் வாய் இருக்கிறதே, மண்டியில் அடுக்கியிருக்கிற மூட்டை அத்தனையும் அந்த வாய்க்குள்தான். ஒரு நாள் வரிசையில் வைத்துக் கேட்டார்: "ஏம்மா, ஓங்க மதினி தெனம் தெனம் ரெண்டு மணி நேரம் ஒதுங்கப் போறாகளே, வயித்துக்கு ஆகலயா? இல்ல, அங்கிட்டு யாரும் காத்துக்கிட்டு இருக்காகளா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அடுத்த நொடி அந்த அக்காவின் பித்தளைக் குடம் ரோட்டில் உருண்டது. தள்ளியது நான்தான். பொத்தென்று ஒரு ஒடுக்கு விழுந்தது. சண்டை தெருவுக்குப் போய், மண்டிக்குப் போய், மண்டிக்காரர் ஒடுங்கின குடத்தோடு அண்ணன் கடைக்கே போய்விட்டார். சாயங்காலம் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒங்க மதினி எங்க போறா? மருவாதியாச் சொல்லிரு" என்றான்.

"ஓடப் போறாக! மதுரையில நாப்பத்திரெண்டு கிலோமீட்டரு ஓடப் போறாக! அதுக்குப் பழகுறாக! ஒன்னால இந்தத் தெருமுக்கு வரைக்கும் ஓட முடியுமாண்ணே? அப்பறம் என்ன கேள்வி கேக்க வந்துட்ட?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன் திட்டியிருந்தால் தேவலை. மதினியை அடித்திருந்தால்கூட நான் போய் அவன் கையைக் கடித்திருப்பேன். அவன் செய்தது வேறு. நாலு நாளில் போர் வண்டி வந்து வீட்டு வாசலில் நின்றது. பின்கட்டில் இரண்டு நாள் குடைந்தார்கள். தெரு முழுக்க வெள்ளை மண் பறந்தது. இருநூறு அடியில் தண்ணீர் வந்ததும் அண்ணன் தேங்காய் உடைத்துவிட்டு, நாலு பேர் கேட்கச் சொன்னான்: "இனி நீ ஒரு கொடந் தண்ணிக்குத் தெருவுக்குப் போக வேண்டாம்."

ஊரே உருகிவிட்டது. "பொண்டாட்டி தண்ணிக்கு அலையறது பொறுக்காமப் போர் போட்டாரு பாருங்க" என்று வீடு வீடாகப் பேச்சு. என் மாமியார்கூட என் புருசனிடம், "அவரப் பாத்துக் கத்துக்கடா" என்றார். பூட்டுப் போட்டுவிட்டுப் பூ வைத்துவிட்டுப் போனவனை எந்த வாயால் திட்டுவது? மதினி என்ன சொன்னார் தெரியுமா? "சரிங்க" என்றார்.

அன்றைக்கு நான் அவரையும் விடவில்லை. "என்ன சரி? என்ன சரிங்கறேன்? ஒங்க வாயில வேற சொல்லே இல்லையா?" என்று அழுதேன். வாயைத் திறந்து கெடுத்தவள் நான், ஏச்சு அவருக்கு. மதினி பச்சைக் குடத்தை என் கையில் கொடுத்தார். "இத ஓன் வீட்டுல வச்சுக்க. தெனமும் வரிசையில போட்டு வையி. எடம் போயிறக் கூடாது" என்றார்.

போர்த் தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாது. ஒப்புக்கொள்வானா அண்ணன்? முகம் கோணாமல் ஒரு செம்பு குடித்துவிட்டு, "எளநி மாதிரி இருக்கு" என்றான். பருப்பு வேகவில்லை. சோடா உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றார்கள். அம்மாவுக்கு வயிறு பொருமியது. "ரெண்டு கொடம் நல்ல தண்ணி எடுத்தா என்னடா" என்று கேட்டால், "போர் போட்ட வீட்டுப் பொம்பள குடந் தூக்கிக்கிட்டுப் போனா எனக்கு என்ன மருவாதி?" என்பான். வீம்பைக் கரைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தது அந்த வீடு.

ஓட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. மதினி அம்மாவிடம் போய், "அத்தை, அம்மன் கோயில்ல நூத்தியெட்டுச் சுத்து வாரேன்னு வேண்டியிருக்கேன்" என்றார். கோயிலுக்குப் போகிறவளை யார் தடுப்பது? தினமும் சாயங்காலம் வெளிப்பிரகாரத்தில் நூற்றெட்டுச் சுற்று. கோயில் பூசாரி என்னிடமே கேட்டார்: "அம்மா, ஒங்க மதினிக்கு அப்பிடி என்ன அவசர வேண்டுதல்? வெளக்கெல்லாம் அணையுது."

நான் குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். "ஆள் வராத குடத்துக்கு எதுக்கு எடம்?" என்று முதல் வாரம் சண்டை. அப்புறம் ஒரு நாள் என் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் போக நேரமாகிவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் என் குடமும் பச்சைக் குடமும் வரிசையில் முன்னால் வந்து நிற்கின்றன. தள்ளியவர் மண்டி வீட்டு அக்கா. ஒடுங்கின குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "குடம் இருக்குல்ல. தள்ளித்தான ஆகணும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஓங்கண்ணன் தண்ணிக்காப் போர் போட்டான்? அவ காலக் கட்டத்தான போட்டான்? எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மதினி அம்மாவை எழுப்பி, "பருப்பு வேகல அத்தை. நல்ல தண்ணி எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நல்ல தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா தூக்கத்திலேயே, "சரி" என்றாளாம். நாலு மணி மதுரை பஸ்ஸில் நான்தான் ஏற்றிவிட்டேன். பிறகு பச்சைக் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தேன்.

ஏழு மணிக்கு அண்ணன் மொபெட்டில் வந்தான். "எங்கடி ஒங்க மதினி?"

எந்நேரமும் திறந்திருக்கிற என் வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. மண்டி வீட்டு அக்கா முன்னால் வந்தார். "இந்தா நிக்கில்ல குடம்? குடம் இருந்தா ஆளு இருக்குன்னுதான தம்பி அர்த்தம். இப்பத்தான் ஒதுங்கப் போனா. பொம்பளைக ஒதுங்குற பக்கம் போயித் தேடிப் பாக்கப் போறீகளோ?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். ஒன்பது மணிக்கு வந்தான். "இப்பத்தான் வீட்டுக்குப் போறேன்னு போனாக" என்றாள் ஒருத்தி. பதினோரு மணிக்கு வந்தான். பச்சைக் குடம் பம்புக்கு வந்ததும் யாராவது ஒருத்தி அதைத் தூக்கிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். அது மறுபடி நகர்ந்து வந்தது, மறுபடி கடைசிக்குப் போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் பிடிக்காமல் அந்தக் குடம் அன்றைக்கு முழுதும் வரிசையில் நின்றது. ஒருத்திகூட வாய் திறந்து உண்மையைச் சொல்லவில்லை.

மதினி திரும்பி வந்தபோது மணி நாலு தாண்டிவிட்டது. இரண்டு காலையும் அகட்டி அகட்டி வைத்து நடந்து வந்தார். மெட்டியைச் சுற்றிக் கட்டிய துணி ரத்தத்தில் ஊறிக் காய்ந்திருந்தது. "ஓடிட்டீகளா மதினி?" என்றேன்.

"ஓடிட்டேன். பாதியில ஒருத்தர் கைய நீட்டி மறிச்சு, பொம்பளைகளுக்கு இதுவே போதும், வேன்ல ஏறுங்கம்மான்னாரு. சரிங்க சார்னேன்."

"ஏறிட்டீகளா?"

"சரின்னு சொல்லிட்டு ஓடிக்கிட்டே இருந்தேன்." சிரித்தார். உதடு வெடித்திருந்தது. "நான் போய்ச் சேரும்போது பந்தலப் பிரிச்சுட்டாக தாயி. ஒரு ஆளு மட்டும் கயிறச் சுருட்டிக்கிட்டு இருந்தாரு. முடிஞ்சிருச்சான்னேன். அப்பவே முடிஞ்சிருச்சும்மான்னாரு. ஆனா நான் எல்லக் கோட்டத் தாண்டிட்டுத்தான் நின்னேன்."

ஒரு காகிதம் இல்லை, ஒரு கப் இல்லை. பெயரை எழுதிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. அந்தப் பந்தலைப் பிரித்தவர்கள் கையில் புண் வர என்று நான் அங்கேயே மண்ணை வாரித் தூற்றினேன். மதினி பச்சைக் குடத்தைப் பம்புக்கு அடியில் வைத்தார். மண்டி வீட்டு அக்காதான் அடித்துக் கொடுத்தார்.

நாங்கள் போனபோது வீட்டு வாசலில் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நடையில் நின்றபடி அம்மா கேட்டாள்: "காலையில தண்ணிக்குப் போனவ, பொழுதடைய வாரியே. என்ன தண்ணியடி அது?"

"வரிசை ரொம்பப் பெருசு அத்தை" என்றார் மதினி.

அண்ணன் குனிந்து அவர் கால்களைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். பிறகு எழுந்து வந்து, குடத்தில் ஒரு செம்பை முக்கி, நின்ற வாக்கில் குடித்தான். இன்னொரு செம்பு குடித்தான். ஐந்து வாரத்துத் தாகம். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நாளையிலருந்து டிராக்டர்ல நல்ல தண்ணி வரும். சொல்லிட்டேன். நீ இனி வாசல் படி தாண்ட வேண்டாம்."

"சரிங்க" என்றார் மதினி.

மீதித் தண்ணீரை அண்டாவில் ஊற்றினார். பச்சைக் குடத்தைக் கவிழ்த்து, முந்தானையால் துடைத்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கும் நாலு மணிக்கு வரிசையில போட்டுரு தாயி."